பவரக்காவின் பூட்டிய கடிதங்கள்

கண்ணாடிக் கடையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பவரக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறவர் படியில் கால் வைக்கும் விதத்தையும், விலைச்சீட்டைக் கண்ணுக்கு எவ்வளவு அருகில் கொண்டுபோகிறார் என்பதையும் பார்த்தே, "இவருக்கு மைனஸ் மூணு இருக்கும்" என்று சொல்லிவிடுவாள். உள்ளறையில் டாக்டரம்மா சோதித்து எழுதி அனுப்பும் சீட்டில் மைனஸ் மூணேகால் இருக்கும். அந்தக் கால் பவர் அன்று முழுக்க அவளை உறுத்திக்கொண்டே இருக்கும்.

லென்ஸைச் சக்கரத்தில் தேய்த்து விளிம்பை ஒழுங்குபடுத்துவதும், பிரேமைச் சூடு காட்டி இளக்கி லென்ஸைப் பொருத்துவதும் அவள் வேலை. இருபத்திரண்டு வயதில் அந்த மேஜைக்கு முன் உட்கார்ந்தவள், இருபத்தாறில் கல்யாணத்துக்காகப் பத்து நாள் லீவு எடுத்தாள். மாப்பிள்ளை சரக்குக் கப்பலில் எலக்ட்ரீஷியன். கல்யாணமான இருபதாம் நாள் அவர் கப்பல் ஏறிவிட்டார். அதற்கு முன்பே, பதினோராம் நாள், அவள் பழையபடி சக்கரத்துக்கு முன்னால் இருந்தாள்.

இருபது நாளில் ஒரு மனிதரைப் பற்றி என்ன தெரிந்துவிடும்? காபியில் சர்க்கரை கம்மி, சட்டைக் கையை முழங்கை வரை மடிப்பார், ஃபேன் சத்தம் மாறினால் தூக்கத்திலும் கண் விழிப்பார். பேச்சுதான் வராது. "ம்", "சரி", "பார்க்கலாம்" என்ற மூன்று சொல்லில் ஒரு நாளை ஓட்டிவிடுவார். அவர் தங்கைதான் முதல் வாரமே சமாதானம் சொன்னாள். "அண்ணி, எங்க வீட்டுல வாயெல்லாம் எனக்கு வந்துடுச்சு. அண்ணனுக்கு மிச்சம் எதுவும் இல்ல."

அந்த நாத்தனார் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தாள். வீட்டில் கூடத்து மூலையில், துணியால் மூடிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று அவள் உபயத்தில் இருந்தது. அதில்தான் பவரக்கா கணவருக்கு முதல் மெயிலைத் தட்டினாள். அன்றைக்குத் தமிழ் எழுத்தில் அடிக்க வழி தெரியாது. ஆங்கில எழுத்தைக் கோத்துத் தமிழ் பேச வேண்டும். 'தூக்கமே வரல, வீடு முழுக்க நீங்க இல்லாத சத்தம்' என்ற ஒரு வரியை அடிக்க அவளுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

மூன்று வாரம் கழித்து ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து அவர் போன் செய்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"லெட்டர் வந்துச்சு."

"படிச்சீங்களா?"

"நான் கடைசியாத்தான் படிச்சேன்."

கப்பலுக்கு மொத்தமே ஒரு மெயில் முகவரிதான். காலையும் மாலையும் சாட்டிலைட் வழியே வந்து விழுவதையெல்லாம் இரண்டாம் ஆபீசர் தாளில் அச்சடித்துச் சாப்பாட்டு அறை மேஜையில் வைத்துவிடுவார். அவரவருக்கு உரியதை அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுக்கும் முன் நாலு பேர் படித்திருப்பார்கள். அன்று கஞ்சி ஊற்றும்போது சமையல்காரர் அவரிடம், "தங்கச்சிக்கு இப்பவாவது தூக்கம் வருதாமா?" என்று அக்கறையோடு விசாரித்திருக்கிறார்.

பவரக்காவுக்கு அன்று முழுக்க முகம் சுட்டது. சாயங்காலம் நாத்தனாரிடம் கொட்டித் தீர்த்தாள். "இனிமே எழுதவே மாட்டேன். ஊரே படிக்கிறதுக்கு நான் என்ன சுவரொட்டியா?"

நாத்தனார் சிரித்து முடித்த பிறகு, "பூட்டிப் போட்டு அனுப்பலாம் அண்ணி" என்றாள். வங்கியில் கடிதங்களை மறையாக்கம் செய்துதான் அனுப்புவார்களாம். ஆளுக்கு இரண்டு சாவி உண்டு. ஒன்றை ஊருக்கெல்லாம் கொடுக்கலாம், இன்னொன்றை யாருக்கும் தரக் கூடாது. அண்ணனுடைய பொதுச் சாவியை வைத்துப் பூட்டினால், அண்ணனுடைய சொந்தச் சாவியால் மட்டும்தான் திறக்க முடியும்.

"பூட்டுன சாவியாலேயே திறக்க முடியாதா? அது என்ன சாவி?" என்று பவரக்கா கேட்டாள். நாத்தனார் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தாள். ஏறவில்லை. மறுநாள் கடையில் சீட்டைப் பார்த்து லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தபோது தானாகவே பிடிபட்டது. ஒருவருடைய பவர்ச் சீட்டு யார் கையில் கிடைத்தாலும் அவருக்குக் கண்ணாடி செய்துவிடலாம். அதனால் அவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கண்ணாடியில் தெளிவாகப் பார்க்க அவருடைய கண்தான் வேண்டும். மற்றவர் போட்டுப் பார்த்தால் எல்லாம் கலங்கித்தான் தெரியும். அவள் சக்கரத்தை நிறுத்திவிட்டு வங்கிக்குப் போன் போட்டாள். "புரிஞ்சிடுச்சு. ஊருக்குக் கொடுக்கிறது சீட்டு, ஒளிச்சு வைக்கிறது கண்ணு."

"அண்ணி, எங்க மேனேஜருக்கு நீங்களே வந்து பாடம் எடுங்க" என்றாள் நாத்தனார்.

கணவர் அடுத்த லீவில் வந்தபோது பழைய லேப்டாப் ஒன்று வாங்கி, தங்கையை உட்கார வைத்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார். இரண்டாம் ஆபீசர் அவருக்கு வரும் மெயிலை மட்டும் பிளாப்பியில் போட்டுக் கொடுக்க, அவர் கேபினில் வைத்துத் திறந்து படிப்பதாக ஏற்பாடு.

பூட்டிய முதல் கடிதத்தைப் பவரக்கா தைரியமாகவே எழுதினாள். நான்கு பக்கம் வரும். உள்ளே என்ன எழுதினாளோ, அது அவளுக்கும் அவருக்கும் தெரியும். ஆனால் தலைப்பு என்று மேலே ஒரு கட்டம் இருக்கிறதல்லவா, அதைப் பூட்டு தொடாது என்பதை நாத்தனார் சொல்ல மறந்துவிட்டாள். பவரக்கா அந்தக் கட்டத்தில், 'என் ராஜாவுக்கு ஆயிரம் முத்தம்' என்று எழுதியிருந்தாள்.

அன்றிலிருந்து கப்பலில் அவருக்கு 'ஆயிரம்' என்றே பேர் நிலைத்துவிட்டது. "ஆயிரம், மூணாம் நம்பர் பம்ப்பு ஓடல, வாங்க" என்று ஒலிபெருக்கியிலேயே கூப்பிடுவார்களாம். கேப்டன் ஒருநாள் அழைத்து, கடிதம் என்ற பெயரில் பக்கம் பக்கமாக வருகிற கிறுக்கல் என்னவென்று விசாரித்தார். அவர் நெளிந்துகொண்டே விளக்கினார். கேப்டன் கதவைச் சாத்திவிட்டு, "இதை என் வீட்டம்மாவுக்கும் சொல்லிக்கொடுக்க முடியுமா?" என்று கேட்டாராம்.

அதற்கப்புறம் தலைப்பெல்லாம் உப்புச்சப்பில்லாமல் போடக் கற்றுக்கொண்டார்கள். 'மோட்டார் ரிப்பேர்', 'கேஸ் சிலிண்டர்', 'ஜன்னல் கொக்கி'. ஜன்னல் கொக்கி என்ற தலைப்புக்குக் கீழே அவர் எழுதியதைப் படித்துவிட்டு அவள் அரை மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்த நாளும் உண்டு. ஏனென்றால் பேசத் தெரியாத அந்த மனிதருக்கு எழுதத் தெரிந்திருந்தது. என்ஜின் அறையின் சூட்டை எழுதுவார். நடுக்கடலில் விளக்கெல்லாம் அணைந்து, கப்பல் சத்தமில்லாமல் மிதந்த ஏழு நிமிஷத்தை எழுதுவார். 'அந்த ஏழு நிமிஷமும் உன் பக்கத்துல படுத்திருக்கிற மாதிரி இருந்துச்சு. அப்புறம் ஜெனரேட்டரைச் சரிபண்ணிட்டேன்' என்று முடிப்பார். பவரக்கா சனிக்கிழமை கடை முடிந்து வந்து, முகம் கழுவி, கூந்தலைக் கோதிக்கொண்டுதான் கம்ப்யூட்டர் முன் உட்காருவாள். துணியை விலக்கும்போது யாரோ கதவைத் தட்டியது போல இருக்கும்.

இப்படி ஏழு வருஷம் போயிற்று. நடுவில் ஆறு மாசத்துக்கொரு முறை அவர் வருவார், போவார். எல்லோரும் கேட்கும் கேள்வியை எல்லோரும் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். ஏழாம் வருஷம், அவர் கிளம்பிப் போய் ஒரு மாசத்தில், அவளுக்கு நாள் தள்ளிப்போயிற்று. டாக்டரைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, 'தண்ணீர் தொட்டி' என்ற தலைப்பில் அவருக்கு எழுதினாள். பதிலை அவர் இரண்டே மணி நேரத்தில் அனுப்பினார். அதற்குள் கப்பலில் இன்டர்நெட் வந்து, ஆளுக்கொரு முகவரி ஆகியிருந்தது. பதிலில் ஒரே வரி. 'என்ஜின் ரூம்ல நின்னு சத்தம் போட்டுக் கத்தினேன். யாருக்கும் கேக்கல. அதான் வசதி.'

அந்தப் பயணத்தில்தான் அவர் ஸ்மார்ட்போன் வாங்கினார். போனிலும் பூட்டிய மெயிலைப் படிக்கலாம் என்று தெரிந்ததும், லேப்டாப்பிலிருக்கும் பழைய சாவியை அதற்கு மாற்ற மெனக்கெடாமல், போனில் புதிதாக ஒரு சாவியை உண்டாக்கிக்கொண்டார். புதுப் பொதுச் சாவியை அவளுக்கு அனுப்பி, 'இனிமே இதுல பூட்டு' என்றார். அதைக் கம்ப்யூட்டரில் எப்படிச் சேர்ப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. நாத்தனார் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தாள். அவள் வரட்டும் என்று பவரக்கா விட்டுவிட்டாள். பழைய சாவியில் பூட்டியே அனுப்பிக்கொண்டிருந்தாள். அவரும் லேப்டாப்பில் படித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் குறைந்துவிடவில்லை.

மூன்றாம் மாசம் முடிவதற்குள் கரு கலைந்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள், துணைக்கு வந்திருந்த அவள் அம்மா சமையலறையில் இருந்த நேரம் பார்த்து, பவரக்கா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். தலைப்புக் கட்டத்தில் என்ன போடுவதென்று வெகு நேரம் பார்த்தாள். 'ஒன்றுமில்லை' என்று போட்டாள். நடந்ததை நடந்தபடி எழுதினாள். அழவில்லை என்று எழுதினாள், அது பொய் என்றும் எழுதினாள். பூட்டி அனுப்பிவிட்டுக் கம்ப்யூட்டரைத் துணியால் மூடினாள்.

மறுநாள் காலை கப்பல் கம்பெனியிலிருந்து போன் வந்தது. அவருக்குக் குடல்வால் வீங்கி, வழியில் ஒரு துறைமுகத்தில் இறக்கி ஆபரேஷன் செய்திருக்கிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை, பத்து நாளில் எழுந்துவிடுவார். கப்பல் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. அவருடைய பெட்டியும் லேப்டாப்பும் கப்பலோடு போய்விட்டன. கையில் போன் மட்டும்தான் இருக்கிறது.

மத்தியானம் அவரே கூப்பிட்டார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"வலிக்குதா?" என்று கேட்டாள்.

"பரவால்ல. உன் லெட்டர் வந்திருக்கு. திறக்க மாட்டேங்குது. பழைய சாவியில பூட்டியிருக்கே."

"ஆமா. புதுசைச் சேர்க்கத் தெரியல."

"என்ன எழுதியிருக்கே?"

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தையல் பிரிந்துவிடும் என்று இருமக்கூடப் பயந்துகொண்டு படுத்திருக்கும் மனிதர். அன்னிய ஊர். பக்கத்தில் ஒரு சொல் பேச ஆளில்லை.

"ஒண்ணுமில்ல. சும்மாதான் எழுதினேன்" என்றாள்.

"பூட்டாம அனுப்பேன், படிக்கிறேன்."

"எதுக்கு? நீங்க தூங்குங்க முதல்ல. நான் நல்லாத்தான் இருக்கேன்."

ஏழு வருஷத்தில் அவரிடம் அவள் சொன்ன முதல் பொய் அது. போனை வைத்ததும் ஒரு பக்கம் உறுத்தியது, இன்னொரு பக்கம் நிம்மதியாகவும் இருந்தது. கடிதம் அவர் கையில்தான் இருக்கிறது, ஆனால் திறக்காது. கப்பல் சுற்றிவந்து லேப்டாப் கிடைக்க மாசக் கணக்காகும். அதற்குள் அவர் வீட்டுக்கே வந்துவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொள்ளலாம். அவளே போட்ட பூட்டு அவளுக்கே அவகாசம் கொடுத்தது போலிருந்தது. வீட்டில் முடங்கிக் கிடப்பதைவிட மேல் என்று இரண்டே நாளில் கடைக்குப் போய்விட்டாள்.

அவளுக்குத் தெரியாமல் போனது ஒன்று. 'நான் நல்லாத்தான் இருக்கேன்' என்ற சொல்லை அவர் நம்பவில்லை. கேட்காமலே சொன்னாளே, அதுதான் உறுத்தியிருக்கிறது. கப்பலில் நெட்டை என்ற மூன்றாம் ஆபீசர் அவருக்கு நெருங்கிய சிநேகிதர். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து நெட்டைக்குச் செய்தி அனுப்பி, தன் கேபின் லேப்டாப்பைத் திறக்கச் சொல்லி, பழைய சாவியைக் கோப்பாக எடுத்து மெயிலில் அனுப்பச் சொன்னார். லேப்டாப்பைத் திறக்க ஒரு சொல், அந்தச் சாவியைத் திறக்க வேறொரு சொல். முதல் சொல்லை மட்டும் நெட்டையிடம் சொன்னார். இரண்டாவதை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. அது இல்லாமல் சாவி யார் கையில் கிடைத்தாலும் வெறும் இரும்புத்துண்டுதான். நெட்டைக்குக் காவல் வேலை முடிந்து ஓய்வு கிடைக்க இரண்டு நாளாயிற்று. மூன்றாம் நாள் சாவி போனுக்கு வந்து சேர்ந்தது.

அன்று கடையில் பவரக்கா ஒரு பள்ளிக்கூட ஆசிரியைக்குப் பிரேம் இளக்கிக்கொண்டிருந்தாள். மேஜையிலிருந்த அவள் போன் அதிர்ந்தது. கணவரிடமிருந்து மெயில். தலைப்பு, 'ஒன்றுமில்லை.' அவள் போட்ட அதே தலைப்புக்குப் பதில். தொட்டுப் பார்த்தால் வரி வரியாகப் பொருளற்ற எழுத்துக் குவியல். அவளுடைய சாவி வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது. போனில் இல்லை.

படித்துவிட்டார் என்று மட்டும் புரிந்தது. என்ன சொல்கிறார் என்று தெரியவில்லை. சூட்டில் வைத்த பிரேம் அளவுக்கு மேல் வளைந்துபோனதை அப்போதுதான் பார்த்தாள். அந்தக் கடையில் அவள் கெடுத்த முதல் பிரேம் அது.

உள்ளறைக்குப் போய், "டாக்டரம்மா, நான் வீட்டுக்குப் போகணும்" என்றாள்.

"உடம்புக்கு முடியலையா?"

"அவரு லெட்டர் போட்டிருக்காரு. இங்க திறக்காது."

டாக்டரம்மா அவள் முகத்தைப் பார்த்தார். "பிரேமை நான் பாத்துக்கறேன். ஆட்டோல போ, பஸ்ஸுக்கு நிக்காதே" என்றார்.

அவள் பஸ்ஸில்தான் போனாள். ஆட்டோ பிடிக்க வேண்டும் என்பதே நினைவில் இல்லை. பதினோரு நிறுத்தமும் போனைக் கையில் வைத்து அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டு போனாள். அதில் எங்கோ அவர் இருந்தார். வீட்டில் செருப்பைக் கழற்றாமலே கூடத்து மூலைக்குப் போய்த் துணியை இழுத்துப் போட்டாள். அந்தக் கம்ப்யூட்டர் எழுந்திருக்க எப்போதும் போல நான்கு நிமிஷம் எடுத்துக்கொண்டது. கடவுச்சொல்லை இரண்டு தடவை தப்பாக அடித்தாள்.

'படிச்சேன். மூணு தடவை படிச்சேன்' என்று தொடங்கியது கடிதம். 'பக்கத்துக் கட்டில் பெரியவருக்கு என் பாஷை தெரியாது. என்னைப் பாத்துட்டு நர்ஸைக் கூப்பிட்டார், தையல் வலின்னு நினைச்சுட்டார். ஆமான்னு சொல்லிட்டேன். நீ போன்ல நல்லாத்தான் இருக்கேன்னு சொன்னே. எனக்காகச் சொன்னேன்னு தெரியும். இனிமே அப்படிச் சொல்லாதே. நல்லா இல்லேன்னா இல்லேன்னு சொல்லு. நானும் சொல்றேன். நான் நல்லா இல்ல. ஒரு கை தூரத்துல நீ இருக்கணும்போல இருக்கு. இந்த ஒப்பந்தம் முடிஞ்சதும் இறங்கிடறேன். கடல் போதும்.'

சமையலறையிலிருந்து அம்மா வந்து தோளைத் தொட்டபோது பவரக்கா வாய்விட்டு அழுதாள். பத்து நாளில் யாரிடமும் ஒளிக்காமல் அழுதது அதுதான் முதல் தடவை.

நாத்தனார் ஊரிலிருந்து வந்ததும் முதல் வேலையாக அண்ணியின் சாவியைப் போனுக்கு மாற்றிக் கொடுத்தாள். மெயிலில் அனுப்பாமல், கேபிள் மாட்டி, கோப்பை நேராக ஏற்றி, நடுவில் எந்த நகலும் தங்காமல் அழித்து, அண்ணனுடைய புதுச் சாவியையும் இரண்டு இடத்திலும் சேர்த்து வைத்தாள். "நான் அன்னைக்கே செஞ்சிட்டுப் போயிருக்கணும் அண்ணி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பவரக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "விடு, திறக்காததாலதான் அவரு தேடித் திறந்தாரு" என்றாள்.

அவர் சொன்னபடியே இறங்கிவிட்டார். ஊரிலேயே ஒரு லிப்ட் கம்பெனியில் வேலை கிடைத்தது. இரண்டு வருஷம் கழித்து ஒரு மகள் பிறந்தாள். அவளுக்கு இப்போது பத்து வயது. அத்தையைப் போலவே வாய்.

வாழ்க்கை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வந்த மனிதர் பழைய மூன்று சொல்காரர். "ம்", "சரி", "பார்க்கலாம்." கடிதம் எழுதிய அந்த இன்னொருவர் கப்பலிலேயே தங்கிவிட்டாரோ என்று பவரக்காவுக்குச் சில நாள் தோன்றும். கூடத்துக் கம்ப்யூட்டர் எப்போதோ போய்விட்டது. ஆனால் கடிதங்கள் அத்தனையும் போனில் இருக்கின்றன. அறுநூற்றுச் சொச்சம். பூட்டியவற்றுக்குள் சொல் போட்டுத் தேட முடியாது என்பதால் ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். அவளுக்கு அது பிடித்திருக்கிறது. காலை பஸ்ஸில் ஒன்று, சாயங்காலம் ஒன்று.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் மிக்ஸியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, போனில் பழைய கடிதம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்த அவள் தன்னை அறியாமல் சிரித்துவிட்டாள்.

"என்ன?" என்றார்.

"நாலாம் வருஷம். சமையல்காரர் உப்பு மூட்டையைக் கடல்ல தவறவிட்டது."

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். "அதெல்லாம் இன்னுமா வெச்சிருக்கே?"

"வெச்சிருக்கேன். எழுத்துல இருக்கிறவரு கூடத்தான் நான் பஸ்ல போறேன். வீட்டுல இருக்கிறவருக்குத்தான் பேச்சே கிடையாதே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அவர் சிரிக்கவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, போனை வாங்கி, கைக்கெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தார். பிளஸ் ஒண்ணரை வந்தாயிற்று, இன்னும் கண்ணாடி போட மாட்டேன் என்கிறார் என்று அவள் மனம் கணக்குப் போட்டது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். ஆங்கில எழுத்துத் தமிழ், எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தார். மகள் வீட்டுப் பாடத்தை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்று நாள் உப்பில்லாமல் சாப்பிட்டது, கேப்டன் கோபத்தில் தட்டைத் தள்ளியது, அத்தோடு கடிதம் முடிந்துவிட்டது.

"அப்புறம்பா?" என்றாள் மகள்.

அவர் போனைப் பார்த்தார். அதில் அப்புறம் இல்லை. போனைக் கீழே வைத்துவிட்டு, "அப்புறம் என்னாச்சுன்னா..." என்று தொடங்கினார்.

பவரக்கா காயவைத்த துணிகளை எடுக்க மொட்டை மாடிக்குப் படியேறினாள். பாதிப் படியில் நின்றாள். கீழே அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. உப்பு கேட்டு இன்னொரு கப்பலுக்கு ரேடியோவில் பேசினார்களாம், அந்தக் கப்பல்காரன் என்ன கேட்டான் தெரியுமா என்கிறார். இது அவள் எந்தக் கடிதத்திலும் படிக்காதது. அவள் படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.